கேட்டது ஒன்று, வந்தது வேறு: இணையவழிக் கொள்முதலும் நுகர்வோர் உரிமையும்

பாட்னா நகரில் பணிபுரியும் ஓர் ஆசிரியை, உறவினர் வீட்டுத் திருமணத்திற்கென 1,450 ரூபாய் செலுத்தி இணையவழியில் ஒரு சேலை வாங்குகிறார் என்று கொள்ளலாம். அதனை விற்பவர் சூரத்தில் உள்ள ஒரு வணிகர். விற்பனை நிகழும் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் பெங்களூருவில் இருக்கிறது. சரக்கு வைக்கப்பட்டிருந்த கிடங்கு மும்பைக்கு அருகே பிவண்டியில். பார்சலைச் சுமந்து வந்ததோ வேறொரு நிறுவனம். நான்காம் நாள் வீட்டு வாயிலில் ஒப்படைக்கப்பட்ட பார்சலைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு படுக்கை விரிப்பு. இனி அவர் யாரைக் கேட்பது?

கடைத்தெருவில் வாங்கியிருந்தால் இக்கேள்வி எழுந்திராது. பொருளைக் கையில் எடுத்து, பிரித்துப் பார்த்து, அதன் பின்னரே அவர் பணம் கொடுத்திருப்பார். தவறு நேர்ந்தாலும் மறுநாள் அதே கடைக்காரரின் முன் சென்று நிற்கலாம். இணையவழி வணிகத்தில் பணம் முதலில் செல்கிறது; பொருள் பின்னர் வருகிறது; விற்றவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் தரம் எவ்வாறு சீர்குலைகிறது என்பதை 1970ஆம் ஆண்டில் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய மோட்டார் கார்களின் விற்பனையைக் கொண்டு விளக்கினார். 2001ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்ற மூவருள் அவர் ஒருவர். அவர் எடுத்துக்கொண்ட சந்தையில் காரையாவது நேரில் பார்க்க முடிந்தது.

இச்சிக்கல் இணையத்தோடு பிறந்ததும் அன்று. இந்திய அஞ்சல் துறை 1877ஆம் ஆண்டில் வி.பி.பி. முறையைத் தொடங்கியது. நாளேட்டு விளம்பரத்தைக் கண்டு கடிதம் எழுதினால் பொருள் அஞ்சலில் வரும். தபால்காரரிடம் பணத்தைக் கட்டிய பின்னரே கட்டைப் பிரிக்கலாம். கடிகாரம் கேட்டவருக்குக் கல் வந்த கதைகள் அக்காலத்தில் ஊர்தோறும் உண்டு. அவை யாவும் வெறும் கதைகள் அல்ல என்பதற்குச் சட்டமே சான்று. ஏமாற்று நிகழ்ந்த இடங்களில், வசூலித்த தொகையை அஞ்சலகம் நிறுத்திவைத்து முகவரிதாரருக்கே திருப்பித் தருவதற்கான விதிகளை இயற்றும் அதிகாரம் 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. பொருளைக் கொண்டு வருபவரே பணத்தையும் பிடித்து வைத்திருந்தால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு எளிதாகிறது என்பதை அன்றைய ஆட்சியாளர் அறிந்திருந்தனர்.

1930ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது

தவறான பொருள் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பலரும் நிறுவனத்தின் ‘திருப்பியனுப்பும் கொள்கை’ என்ற பக்கத்தில் விடை தேடுகின்றனர். விடை அதற்கு நெடுங்காலம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930 இன்றும் நடைமுறையில் உள்ளது. பொருளின் விவரணையைக் கொண்டு விற்பனை நடந்தால், கொடுக்கப்படும் பொருள் அவ்விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் உள்ளடங்கிய நிபந்தனை என்று அதன் 15ஆம் பிரிவு கூறுகிறது. இணையவழி விற்பனை முழுவதுமே விவரணையைக் கொண்டு நடக்கும் விற்பனைதான். படமும் அதன் கீழுள்ள வரிகளுமே அங்கு விற்பனைக்கு வைக்கப்பட்டவை.

கேட்ட பொருளோடு வேறு வகைப் பொருளைக் கலந்து அனுப்பினால், கேட்டதை மட்டும் ஏற்று மற்றதை மறுக்கலாம், அல்லது முழுவதையுமே மறுக்கலாம் என்பது 37ஆம் பிரிவு. முன்னர் பார்த்திராத பொருளைப் பெற்றுக்கொண்டவர், அதனைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை அதனை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படமாட்டார் என்பது 41ஆம் பிரிவு. எனவே பார்சலைப் பெற்றுக்கொண்டதற்காகப் போட்ட கையொப்பம் பொருளை ஒப்புக்கொண்டதற்கான கையொப்பம் ஆகாது. ‘டெலிவரி ஆகிவிட்டது என்று எங்கள் பதிவேடு காட்டுகிறது’ என்று நிறுவனம் கூறும் பதில், கேட்கப்படாத கேள்விக்கான பதில்.

இவை எல்லாவற்றிலும் வாங்குபவருக்குப் பெரிதும் துணை நிற்பது 43ஆம் பிரிவு. முறைப்படி ஒரு பொருளை மறுப்பவர், வேறு உடன்பாடு இல்லாத வரையில், அதனைத் தாமே திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்லர். மறுக்கிறேன் என்று விற்பவருக்குத் தெரிவித்தால் போதும். பார்சலைத் தம் செலவில் சூரத்துக்கு அனுப்பி வைத்த பின்னரே பேச்சு என்று கூறப்படும் நுகர்வோர் இப்பிரிவை அறிந்திருத்தல் நன்று.

ஆனால் இதே சட்டத்தின் 42ஆம் பிரிவு எச்சரிக்கையும் செய்கிறது. மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்திற்கு மேல் பொருளை வைத்துக்கொண்டாலோ, அது தமக்கே உரியது என்பதுபோல் நடந்துகொண்டாலோ, வாங்கியவர் அதனை ஏற்றுக்கொண்டவராகிறார். விரிப்பைத் துவைத்துக் கட்டிலில் விரித்துவிட்டுப் பத்து நாட்கள் கழித்துப் புகார் எழுதுபவரின் வழக்கு அங்கேயே பாதி போய்விடுகிறது. காலந்தாழ்த்துவது வாங்குபவருக்கே கேடு. நிறுவனத்திற்கு அதனால் நட்டமில்லை.

தவறு நேரும் இடங்கள்

தவறான பொருள் வருவது எப்போதும் மோசடி என்று எண்ணுவது நியாயமன்று. பெரிய கிடங்கில் பொருளை அடையாளம் காட்டுவது அதன் மீது ஒட்டிய பார்கோடு மட்டுமே. தட்டில் ஒட்டிய எண்ணும் பொருளில் ஒட்டிய எண்ணும் மாறினால் எடுப்பவர் மாற்றித்தான் எடுப்பார். இரண்டு கட்டுகளின் முகவரிச் சீட்டுகள் இடம் மாறிவிட்டால், பாட்னா ஆசிரியைக்கு விரிப்பு வந்த அதே நாளில் விரிப்பைக் கேட்ட எவரோ ஒருவர் ஒரு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பார். வேறொருவர் திருப்பியனுப்பிய கட்டு, பிரித்துப் பாராமலேயே மீண்டும் விற்பனைக்கு வைக்கப்படுவதும் உண்டு. முதலாமவர் அதில் செய்த சூது இரண்டாமவர் தலையில் விடிகிறது. வாங்குவோரிலும் நேர்மையற்றோர் சிலர் இருப்பதனாலேயே விற்போர் ஒவ்வொரு புகாரையும் ஐயத்துடன் நோக்குகின்றனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கு அப்பால், விலை மிகுந்த பொருளை வழியில் எடுத்துக்கொண்டு சோப்புக் கட்டியை வைத்து ஒட்டுவது திருட்டு. கேட்டதற்குப் பதில் மலிவானதைத் தெரிந்தே அனுப்பி, பத்தில் எட்டுப் பேர் வாயை மூடிக்கொள்வர் என்று கணக்கிடுவது வேறொரு வகை. நுகர்வோரைப் பொறுத்தமட்டில் இவ்வேறுபாடுகளை ஆராயும் பொறுப்பு அவருடையதன்று. விவரணைக்குப் பொருந்தாத பொருள் வந்தது என்பதை மட்டும் அவர் நிறுவினால் போதும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

அதனை நிறுவுவதற்கான சான்று கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. பார்சல் கையில் வந்ததும், பிரிப்பதற்கு முன், முகவரிச் சீட்டையும் ஒட்டுநாடாவையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பல சீட்டுகளில் எடை அச்சிடப்பட்டிருக்கும். 900 கிராம் எடையுள்ள சாதனத்தைக் கேட்டவருக்கு வந்த கட்டின் சீட்டில் 200 கிராம் என்றிருந்தால், நிறுவனத்தின் சொந்தப் பதிவேடே அவருக்குச் சாட்சியாகிறது. பிரிக்கும்போது கைப்பேசியில் இடைவெட்டு இல்லாமல் ஒளிப்பதிவு செய்வது நல்ல வழக்கம். அத்தகைய பதிவைக் கட்டாயமாக்கும் விதி ஏதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலோ மின்வணிக விதிகளிலோ இல்லை. பதிவு இல்லை என்பதனாலேயே உரிமை அற்றுப்போவதும் இல்லை. இருப்பினும் சான்று வலுவாக இருந்தால் தகராறு சுருங்கும்.

விற்பனைப் பக்கத்தையும் அன்றே படம் பிடித்து வைக்க வேண்டும். இதனைப் பலர் செய்வதில்லை. கடைக்காரரின் பெயர்ப்பலகையை ஓரிரவில் மாற்ற முடியாது. இணையப் பக்கத்தின் விவரணையை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். உறையிட்ட பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர் முதலியவை விற்பனைப் பக்கத்திலேயே காட்டப்பட வேண்டும் என்பது 2018 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பக்கத்தில் உள்ளதும் உறையின் மேல் உள்ளதும் முரண்பட்டால், அம்முரண்பாடே புகாரின் முதுகெலும்பு.

வாயிலில் திறந்து காட்டி ஒப்படைக்கும் முறை இருக்கும் இடங்களில், பொருளைப் பார்க்குமுன் ஓ.டி.பி. எண்ணைக் கூறுதல் கூடாது. பொருள் சரியாக உள்ளது என்பதற்கான ஒப்புதலாகவே அந்த எண் கேட்கப்படுகிறது. கொண்டு வருபவருக்கு நேரமில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஒரு நாளில் அவர் ஏறி இறங்க வேண்டிய படிகள் பல. அவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. சேலையைக் கட்டியவரும் அவரல்லர்.

அடுத்தது எழுத்து மூலமான மறுப்பு. தொலைபேசிப் பேச்சு தடயமின்றி மறைந்துவிடும். தளத்தின் புகார்ப் பகுதியிலும், குறைதீர்ப்பு அலுவலரின் மின்னஞ்சலிலும் நான்கு வரிகள் போதும்: “இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள ஆணையின்படி நான் கேட்டது சேலை. இன்ன தேதியில் வந்தது படுக்கை விரிப்பு. இதனை நான் ஏற்கவில்லை. உங்கள் செலவில் இதனை எடுத்துக்கொண்டு, கேட்ட பொருளை அனுப்புக, அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தருக.” கோபச் சொற்கள் வேண்டியதில்லை. பின்னாளில் இதனைப் படிக்கப்போகிறவர் ஆணையத்தின் தலைவராக இருக்கலாம். கடன் அட்டையால் பணம் செலுத்தியிருந்தால் அட்டை வழங்கிய வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அத்தொகையைத் தகராறுக்கு உட்படுத்தும் முறை வங்கிகளில் உண்டு. அதற்கும் காலவரம்பு உண்டு.

வந்த பொருளைப் பயன்படுத்தாமல் உறையோடு பாதுகாக்க வேண்டும். எடுத்துச் செல்ல ஆள் வரும்போது, ஒப்படைக்கும் பொருளைப் படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கான பதிவை வாங்கிய பின்னரே கொடுக்க வேண்டும். கேட்டதைவிட விலை உயர்ந்த பொருள் தவறுதலாக வந்திருந்தாலும் நெறி ஒன்றே. அதுவும் வாங்கியவருக்கு உரியதன்று.

இவ்விடத்தில் வேறொரு கண்ணியும் விரிக்கப்பட்டுள்ளது. பதற்றத்தில் இருப்பவர் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடுகிறார். மோசடிக்காரர் பதித்து வைத்த எண் கிடைக்கிறது. பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி ஒரு செயலியை நிறுவச் சொல்வர், அல்லது யு.பி.ஐ. இரகசிய எண்ணைக் கேட்பர். பணத்தைப் பெறுவதற்கு அந்த எண்ணை இடவேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. 1,450 ரூபாயைத் தேடிப் போய்ச் சேமிப்பு முழுவதையும் இழப்பவர்கள் உண்டு. அவ்வாறு நேர்ந்தால் 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

‘நாங்கள் இடைத்தளம் மட்டுமே’

எழுத்து மூலம் கேட்டவருக்குப் பெரும்பாலும் வரும் முதல் பதில், ‘விற்றவர் வேறு, நாங்கள் இடைத்தளம் மட்டுமே’ என்பது. இப்பதிலுக்கு ஒரு பொருளாதாரப் பின்னணி உண்டு. அந்நிய முதலீடு பெற்ற நிறுவனங்கள் தம் சொந்தச் சரக்கை நுகர்வோருக்கு நேரடியாக இணையவழியில் விற்பதை 2016, 2018 ஆண்டுகளில் வெளியிடப்பட்ட முதலீட்டுக் கொள்கைக் குறிப்புகள் அனுமதிக்கவில்லை. வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் சந்தைத்தளமாக மட்டுமே அவை இயங்கலாம் என்று வரையறுத்தன. உள்நாட்டுச் சிறு வணிகரைக் காப்பதே நோக்கம். அதன் பக்கவிளைவாக நுகர்வோருக்கும் விற்பவருக்கும் இடையே ஒரு திரை விழுந்தது.

திரையை ஓரளவேனும் விலக்கியவை 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்த அதே சூலை மாதத்தில், 23ஆம் நாள் இவை அறிவிக்கப்பட்டன. இவற்றின்படி ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்குள் குறையைத் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தரப்பட வேண்டும். பொருளை வாங்கியவர் எழுத்து மூலம் கேட்டால், விற்றவரின் தலைமையிட முகவரி உள்ளிட்ட விவரங்களைச் சந்தைத்தளம் அளித்தாக வேண்டும் என்பது 5ஆம் விதி. சூரத் வணிகர் யார் என்பது இனி இரகசியமன்று.

விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கவோ, பணத்தைத் திருப்பித்தர மறுக்கவோ எந்த விற்பனையாளருக்கும் உரிமை இல்லை என்று 6ஆம் விதி திட்டவட்டமாகக் கூறுகிறது. சொந்தச் சரக்கை விற்கும் நிறுவனங்களுக்கும் 7ஆம் விதி இதே கடமையை விதிக்கிறது. ஆகவே ‘இவ்வகைப் பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வாசகம், மனம் மாறித் திருப்பித்தர விரும்புவோருக்குப் பொருந்தலாம். கேட்காத பொருளைப் பெற்றவருக்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவது சில நிறுவனங்களின் பழக்கம்.

நிறுவனத்தைத் தாண்டி

ஒரு மாதம் கடந்தும் தீர்வு இல்லையெனில், அல்லது பதிலே இல்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். 17 மொழிகளில் அங்குப் புகார் பதிய இயலும். ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும்: அம்மையம் நீதிமன்றம் அன்று, தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. வழக்குக்கு முந்திய நிலையில் நிறுவனத்தோடு பேசித் தீர்வு காண்பதே அதன் பணி. அலுவலர்கள் மக்களுக்கு எடுத்துரைக்கும்போது இதனை மிகைப்படுத்தினால், ஏமாற்றம் அடைபவர் மறுமுறை எங்கும் புகார் செய்யமாட்டார்.

தீர்ப்பு வேண்டுவோர் செல்ல வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்படி எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடுக்க முடிந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ தொடுக்கலாம் என்று கூறுகிறது. சட்டப் புத்தகத்தில் இது ஒரு சிறு உட்பிரிவு. பாட்னா ஆசிரியைக்கோ, பெங்களூருவுக்கான ரயில் கட்டணத்திற்கும் உள்ளூர் நகரப் பேருந்துக் கட்டணத்திற்கும் உள்ள வேறுபாடு. இணையவழி வாங்குபவரும் ‘நுகர்வோர்’ என்ற சொல்லுள் அடங்குவார் என்பதை அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு வெளிப்படையாகவே சேர்த்துள்ளது. மறுவிற்பனைக்காக வாங்கியவர் அதில் அடங்கமாட்டார்.

கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தவறு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். 2020 செப்டம்பரில் இ-தாக்கில் என்ற பெயரில் தொடங்கிய இணையவழித் தாக்கல் முறை, 2025 சனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் இணைக்கப்பட்டுள்ளது. பொருளை மாற்றித்தரவும், விலையை வட்டியுடன் திருப்பித்தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதத்திற்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 72ஆம் பிரிவு இடமளிக்கிறது. பரிசோதனை தேவைப்படாத வழக்குகளை மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. அது எல்லா மாவட்டங்களிலும் கைகூடுகிறது என்று கூறுவதற்கில்லை.

இங்குதான் பொருளியல் மாணவர்கள் நின்று சிந்திக்க வேண்டும். இழப்பு 1,450 ரூபாய். படிகள் எடுத்து, மனு எழுதி, இரண்டு மூன்று முறை விடுப்புப் போட்டு ஆணையத்திற்குச் செல்வதன் செலவு அதனை எளிதில் விஞ்சிவிடும். ஆகவே வாய்மூடி இருப்பதே தனி ஒருவருக்கு அறிவார்ந்த முடிவாகத் தோன்றுகிறது. இவ்வாறு ஆயிரம் பேர் தனித்தனியே அறிவார்ந்த முடிவை எடுக்கும்போது, கவனக்குறைவான விற்பனையாளருக்கு அது ஒரு நிலையான வருமானமாகிவிடுகிறது. தவறின் செலவைத் தவறு செய்தவரிடமே கொண்டு சேர்க்காத சந்தையில் தவறு குறையாது. புகார் செய்வதன் செலவைக் குறைக்கும் ஒவ்வொரு ஏற்பாடும், அது கட்டண விலக்காயினும் காணொளி விசாரணையாயினும், வெறும் சலுகையன்று. சந்தையைச் சீர்செய்யும் கருவி.

அதே காரணத்தால், ஒரே விற்பனையாளரிடம் ஒரே வகையில் ஏமாந்த பலர் ஆணையத்தின் அனுமதியுடன் ஒன்றுசேர்ந்து ஒரே புகாராகத் தொடுக்கச் சட்டம் வழி செய்துள்ளது. ஒருவரின் 1,450 ரூபாய் சிறிது. நாற்பது பேரின் தொகை விற்பவரைத் திரும்பிப் பார்க்கச் செய்யும். நுகர்வோரை ஒரு வகுப்பாகப் பாதிக்கும் செயல்களைக் கவனிப்பதற்கென 2020 சூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தனிநபரின் பணத்தைப் பெற்றுத் தருவது அதன் வேலை அன்று. தொடர்ந்து நிகழும் முறைகேட்டை விசாரித்து நிறுத்துவதே அதன் வேலை.

அதற்குப் புகார் அனுப்ப விரும்புவோர் புதுதில்லிக்குத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. 17ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமே அதனைக் கொடுக்கலாம். நுகர்வோரை ஒரு வகுப்பாகப் பாதிக்கும் மீறல்களைத் தம் எல்லைக்குள் விசாரித்து அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை 16ஆம் பிரிவு ஆட்சியருக்கு வழங்கியுள்ளது. மாவட்ட அலுவலகங்களின் மனுநீதி நாட்களில் பட்டா, ஓய்வூதியம், குடும்ப அட்டை ஆகியவை பற்றிய மனுக்களோடு இத்தகைய மனு ஒன்று வருமாயின், ‘இது இங்குக் கொடுக்க வேண்டியதன்று’ என்று எழுதித் திருப்பாமல், அதே விற்பனையாளரைப் பற்றி வேறு மனு ஏதும் வந்துள்ளதா என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது அப்பிரிவின் எழுத்தர் முதலில் செய்ய வேண்டிய பணியாகும்.